அன்றாட வேலைக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு போதும்?

வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினார். எழுத்துகள் அச்சிட்டதுபோலத் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டு நகர்ந்தது. எக்செல் பக்கத்தைக் கீழே இழுத்தால் வரிகள் திக்கித் திக்கி ஏறின. "கம்ப்யூட்டர் பழசு, ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெட்டியில் 4 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு மலிவு கார்டை வாங்கி மாட்டினார். ஒரு மாற்றமும் இல்லை. அதே திக்கல்.

நான் போய்ப் பார்த்தபோது, கேபினட்டின் பின்பக்கம் மதர்போர்டிலேயே ஒரு டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அதன் பிளாஸ்டிக் மூடியைக்கூட யாரும் கழற்றவில்லை. புதுக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டர் பெட்டிக்குள் சுருட்டியபடியே கிடந்த டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை எடுத்து அதில் செருகினோம். மானிட்டரின் மெனுவில் ஒரு சிறு மாற்றமும் செய்ததும், திரை அமைப்பில் 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்று பொருள்) என்று காட்டிக்கொண்டிருந்த இடத்தில் 60 வந்தது. அம்புக்குறி வழுக்கிக்கொண்டு ஓடியது.

நான் சொல்ல வரும் விஷயத்தில் பெரும்பகுதி இந்தச் சம்பவத்திலேயே இருக்கிறது. கிராஃபிக்ஸ் கார்டு என்றாலே எவ்வளவு சக்தி, எத்தனை ஜிபி என்றுதான் பேச்சு போகிறது. அது கேம் ஆடுபவர்களின் கணக்கு. மின்னஞ்சல், எக்செல், பிரவுசர், வீடியோ கால், யூடியூப் என்று ஓடும் கணினிக்கு வேறு இரண்டு கேள்விகள்தான் முக்கியம். படம் எந்த வழியாகத் திரைக்குப் போகிறது? சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை எது விரிக்கிறது? இந்த இரண்டும் புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். பல சமயம் முழுப் பணமும் மிச்சம்.

கார்டுக்கு என்னதான் வேலை?

திரை என்பது புள்ளிகளால் ஆன ஒரு பெரிய கட்டம். முழு ஹெச்டி திரையில் 1920க்கு 1080, அதாவது ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் வைக்க வழக்கமாக 4 பைட் வேண்டும். ஆக, ஒரு 4கே திரை முழுவதையும் ஒருமுறை வரைந்து வைக்க ஏறத்தாழ 33 எம்பி போதும். முழு ஹெச்டி திரைக்கு 8 எம்பி சொச்சம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மூன்று 4கே மானிட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் திரையில் தெரியும் படத்துக்கென்று தேவைப்படுவது 100 எம்பிதான். ஒவ்வொரு ஜன்னலுக்கும், பிரவுசரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி நகல் வைத்துக்கொள்ள இன்னும் சில நூறு எம்பி சேரும். அவ்வளவுதான். 8 ஜிபி, 12 ஜிபி என்று விளம்பரப்படுத்தும் கார்டுகள் அந்த நினைவகத்தைக் கேமில் வரும் சுவர், மரம், முகம் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களை அடுக்கி வைக்கத்தான் வைத்திருக்கின்றன. நம் எக்செல் அட்டவணைக்கு அது காலி இடம்.

ஆனால் அதே 33 எம்பி படத்தை நொடிக்கு 60 முறை திரைக்கு அனுப்ப வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 2 ஜிபி. அந்த அளவு தகவல் போகக் குழாய் அகலமாக இருக்க வேண்டும். அந்தக் குழாய்தான் ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் எல்லாம். நண்பரின் கணினியில் பிரச்சினை இங்கேதான் இருந்தது. மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐ பழைய 1.4 வகை, 4கே படத்தை நொடிக்கு 30 முறைதான் அனுப்பும். வாங்கி மாட்டிய கார்டிலும் அதே 1.4. குழாய் மாறவே இல்லை. பக்கத்திலிருந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 மட்டும் 60 முறை அனுப்பக்கூடியதாக இருந்தது.

இரண்டாவது வேலை வீடியோவை விரிப்பது. இதை அப்புறம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் கார்டுகளுக்குள் உண்மையான வித்தியாசம் இருக்குமிடம் அதுதான்.

முதலில் இருப்பதைப் பாருங்கள்

கார்டு வாங்கும் முன், ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இன்று விற்கும் பெரும்பாலான ப்ராசஸர்களுக்குள்ளேயே ஒரு சிறிய கிராஃபிக்ஸ் பகுதி உண்டு. இன்டெல் சில்லுகளில் யுஹெச்டி, ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயர்களில் வரும். ஏஎம்டியில் ரேடியான் என்று வரும். மின்னஞ்சல், ஆவணம், வீடியோ, இரண்டு மானிட்டர் என்ற அளவுக்கு இதுவே தாராளம்.

இல்லாத ப்ராசஸர்களும் உண்டு. பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இன்டெல் பெயரில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ஐ5 12400 என்றால் உண்டு, 12400எஃப் என்றால் இல்லை. ஏஎம்டியின் பழைய ரைசன்களில் இது தலைகீழ்: ஜி இருந்தால்தான் உண்டு. ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது. வெறும் 5600-லும் 5600எக்ஸ்-லும் இல்லை. 2022-ல் வந்த டெஸ்க்டாப் ரைசன் 7000 வரிசையிலிருந்து ஏஎம்டி கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஒரு சிறிய கிராஃபிக்ஸ் பகுதியை வைத்துவிட்டது. அங்கேயும் 7500எஃப் போல எஃப் வந்தால் இல்லை.

இதில் பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. மதர்போர்டின் பின்னால் ஹெச்டிஎம்ஐ போர்ட் இருப்பதாலேயே அது வேலை செய்யும் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்த போர்ட் வெறும் வாசல். படம் ப்ராசஸருக்குள்ளிருந்து வர வேண்டும். எஃப் வகை ப்ராசஸரைப் போட்டால் அந்த வாசலில் எதுவும் வராது, திரை கறுப்பாகவே இருக்கும்.

புதிதாகக் கணினி கட்டப் போகிறவருக்கு என் முதல் அறிவுரை இதுதான்: எஃப் இல்லாத ப்ராசஸரை வாங்குங்கள். எஃப் உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள விலை வித்தியாசம், தனியாக ஒரு கார்டு வாங்கும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. மின்சாரமும் மிச்சம், விசிறிச் சத்தமும் மிச்சம், கெட்டுப்போக ஒரு பொருளும் குறைவு.

இன்னொன்றையும் சரிபாருங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால், உங்கள் கிராஃபிக்ஸின் பெயர் தெரியும். அங்கே ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால், சரியான டிரைவர், அதாவது கிராஃபிக்ஸை இயக்கும் மென்பொருள், இன்னும் ஏறவில்லை என்று பொருள். அந்த நிலையில் எல்லாமே மந்தமாக இருக்கும், வீடியோ இழுக்கும், இரண்டாவது மானிட்டர் தெரியாது. அதைப் பார்த்துவிட்டு கார்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் நிறைய. டிரைவரைப் போட்டால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் விஷயம் அது.

அதேபோல, கணினி ஆன் ஆக நேரம் எடுக்கிறது, இருபது டேப் திறந்தால் உறைந்துபோகிறது, கோப்பு திறக்கத் தாமதம் என்பதெல்லாம் கிராஃபிக்ஸ் சார்ந்தவை அல்ல. ரேம் போதவில்லை, அல்லது இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் நாள்தோறும் அதன் பலன் தெரியும்.

ரேம் பற்றி இன்னொரு வார்த்தை. ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கிறது. டிடிஆர்4-3200 ரேம் ஒரே ஒரு பட்டையாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வேகம். அதையே இரண்டு பட்டைகளாகச் சரியான ஸ்லாட்டுகளில் போட்டால் 51.2 ஜிபி. 16 ஜிபி ஒற்றைப் பட்டைக்குப் பதில் 8 ஜிபி இரண்டாக வைத்திருப்பது உள்ளமை கிராஃபிக்ஸுக்கு நேரடியான ஊட்டம்.

அப்படியானால் யாருக்குத்தான் கார்டு வேண்டும்?

எஃப் வகை ப்ராசஸர் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு வேண்டும், வேறு வழியில்லை. மதர்போர்டில் இரண்டே போர்ட் இருக்க, மூன்றாவது நான்காவது மானிட்டர் தேவைப்படுபவருக்கு வேண்டும். 4கே மானிட்டரை 60 ஹெர்ட்ஸில் ஓட்ட எந்த போர்ட்டும் இல்லாத பழைய கணினிக்கு வேண்டும். ப்ராசஸர் இன்னும் நன்றாக உழைக்கிறது, ஆனால் புதிய வகை வீடியோக்கள் மட்டும் திணறுகின்றன என்ற நிலையில் வேண்டும். இருந்த கார்டு பழுதாகிவிட்டாலும் வேண்டும்.

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம், கேட் (CAD) எனப்படும் வடிவமைப்பு மென்பொருள் இவற்றைத் தொழிலாகச் செய்பவர்களுக்கான தேர்வு வேறு. அதை இங்கே கலக்கவில்லை. எப்போதாவது போட்டோ திருத்துவதும், குடும்ப வீடியோவை வெட்டி ஒட்டுவதும் அன்றாட வேலைக்குள்ளேயே அடங்கும்.

போர்ட்: இங்கேதான் நிதானம் வேண்டும்

கார்டின் பெயரைப் பார்ப்பதற்கு முன், உங்கள் மானிட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே என்னென்ன போர்ட் இருக்கின்றன, திரையின் அளவு என்ன, எத்தனை மானிட்டர் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கார்டு அந்தத் தாளுக்குப் பொருந்த வேண்டும்.

முழு ஹெச்டி மானிட்டர் என்றால் கவலையே இல்லை. டிவிஐ, எந்த ஹெச்டிஎம்ஐ, எந்த டிஸ்ப்ளேபோர்ட் ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் வரும். 4கே என்றால் ஹெச்டிஎம்ஐ 2.0 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 அல்லது அதற்கு மேல் வேண்டும். ஹெச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013-ல். ஆனாலும் மலிவு கார்டுகள் பல அதன் பிறகும் வெகுகாலம் 1.4-ஐயே வைத்துக்கொண்டு வந்தன. வெளியே பார்க்க இரண்டும் ஒரே போர்ட். துளையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் ‘4கே ஆதரவு’ என்று எழுதியிருப்பதும் உதவாது, 30 ஹெர்ட்ஸில் வந்தாலும் அது 4கே ஆதரவுதானே. கார்டின் விவரக்குறிப்பில் 3840க்கு 2160-க்கு எதிரே 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

30 ஹெர்ட்ஸ் பரவாயில்லையே, நான் என்ன கேமா ஆடப்போகிறேன் என்று தோன்றலாம். தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் சினிமாவே நொடிக்கு 24 படம்தான். ஆனால் மவுஸ் நகர்வதும் எழுத்து தட்டுவதும் நம் கையோடு சேர்ந்தவை. கை நகர்ந்த பிறகு கண் காத்திருக்க நேர்ந்தால் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அது பெரிய அசதி.

அடுத்தது மாற்றிகள். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுவது எளிது, மலிவான கேபிளே போதும். எதிர்த்திசையில், அதாவது கார்டில் ஹெச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் அந்தச் சாதாரண கேபிள் வேலை செய்யாது. அதற்கு உள்ளே சில்லு வைத்த, தனியாக மின்சாரம் கேட்கும் மாற்றி வேண்டும். நீல நிற விஜிஏ மட்டுமே உள்ள பழைய மானிட்டரை வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். புதுக் கார்டுகளில் விஜிஏ இல்லை. ஹெச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் சில்லு வைத்த சிறு கருவி வாங்கினால் அந்த மானிட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

மானிட்டர் எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் உண்டு. சில மலிவு கார்டுகளில் மூன்று வகை போர்ட் இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டுதான் இயங்கும். எண்விடியாவின் ஜிடி 1030, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 இரண்டுக்கும் உச்சவரம்பு இரண்டு திரை. மூன்று திரை வேண்டுமானால், அலுவலகக் கணினிகளுக்கென்று வரும் குவாட்ரோ பி400 அல்லது டி400 போன்றவை பொருத்தம். உள்ளங்கை அளவுக் கார்டில் மூன்று மினி டிஸ்ப்ளேபோர்ட் இருக்கும், வெறும் 30 வாட்தான் இழுக்கும். பி620-இல் நான்கு இருக்கும். இவை அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய கணினிகளோடு பழைய பொருளாக நிறையக் கிடைக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட திரை வைத்து எழுத்து வேலை, கணக்கு வேலை செய்பவர்களுக்கு நான் மனதார பரிந்துரைப்பது இந்த வகையைத்தான். மினி போர்ட்டிலிருந்து சாதாரண போர்ட்டுக்கான கேபிள் கூடவே வருகிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கார்டில் இரண்டு திரை, மதர்போர்டில் ஒரு திரை என்று பிரித்து மாட்டலாம். பல கணினிகளில் கார்டை மாட்டியதும் உள்ளமை கிராஃபிக்ஸ் தானாக அணைந்துவிடும். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்புக்குள் போய் மல்டி மானிட்டர் என்ற வசதியை இயக்கினால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

வீடியோவை விரிப்பது யார்?

4கே படத்தை அப்படியே அனுப்பினால் நொடிக்கு 2 ஜிபி என்று பார்த்தோம். இணையத்தில் நமக்கு வருவதோ நொடிக்குச் சில எம்பிதான். நூற்றுக்கணக்கான மடங்கு சுருக்கி மடித்து அனுப்புகிறார்கள். அந்த மடிப்பை நம் கணினி நொடிக்கு 30, 60 முறை பிரிக்க வேண்டும்.

மடிக்கும் முறைகள் காலத்துக்கேற்ப மாறி வந்திருக்கின்றன. 2003-ல் வந்த ஹெச்.264 இன்றும் எங்கும் இருக்கிறது. 2013-ல் ஹெச்.265-உம் கூகுளின் விபி9-உம் வந்தன. 2018-ல் ஏவி1 வந்தது. ஒவ்வொரு புது முறையும் இன்னும் இறுக்கமாக மடிக்கிறது, அதனால் டேட்டா மிச்சம். ஆனால் பிரிப்பது இன்னும் கடினம். யூடியூப் 4கே வீடியோவை ஹெச்.264-இல் தருவதில்லை, விபி9 அல்லது ஏவி1-இல்தான் தருகிறது.

கிராஃபிக்ஸ் சில்லின் ஒரு மூலையில், இந்த மடிப்பைப் பிரிப்பதற்கென்றே செதுக்கிய ஒரு சிறு பகுதி இருக்கும். தெரிந்த முறை என்றால் சத்தமில்லாமல், சில வாட் மின்சாரத்தில் முடித்துவிடும். தெரியாத முறை என்றால் வேலை ப்ராசஸரின் தலையில் விழும். ப்ராசஸர் முழு மூச்சில் ஓடும், விசிறி இரையும், படம் அங்கங்கே தடுமாறும். இந்தப் பகுதிக்குப் புது முறையைப் பின்னாளில் கற்றுக்கொடுக்கவும் முடியாது. டிரைவர் புதுப்பித்தாலும் வராது, ஏனென்றால் அது சில்லிலேயே செதுக்கப்பட்டது.

உங்கள் கணினியில் என்ன நடக்கிறது என்று இப்போதே பார்த்துவிடலாம். யூடியூபில் ஒரு 4கே வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் தட்டினால் ஒரு சிறு பெட்டி வரும். கோடெக்ஸ் என்ற வரியில் விபி09 என்றோ ஏவி01 என்றோ இருக்கும். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் ஜிபியுவைத் தேர்ந்தெடுங்கள். வீடியோ டிகோட் என்ற வரைபடம் ஏறி இறங்கினால் கார்டு தன் வேலையைச் செய்கிறது. அது தரையோடு தரையாகப் படுத்திருக்க, சிபியு மட்டும் எகிறிக்கொண்டிருந்தால், அங்கேதான் குறை.

சரி, எந்தக் கார்டுக்கு எது தெரியும்? ஜிடி 710-க்கு மேலே சொன்ன நான்கு முறைகளில் ஹெச்.264 மட்டுமே தெரியும். ஜிடி 1030-க்கு ஹெச்.265, விபி9 இரண்டும் தெரியும், ஏவி1 தெரியாது. 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-உம் அதேபோல, ஏவி1 மட்டும் தெரியாது. 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6400, வயதில் இளையதாக இருந்தும் ஏவி1-ஐப் பிரிக்காது; அதே குடும்பத்தின் பெரிய கார்டுகளில் இருந்த வசதியை இதிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்டெலின் ஆர்க் ஏ310, ஏ380 இரண்டும் எல்லாவற்றையும் பிரிக்கும், ஏவி1-இல் மடிக்கவும் செய்யும். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையும் ஏவி1-ஐப் பிரிக்கும்.

மடிப்பது யாருக்கு வேண்டும் என்றால், திரையைப் பதிவு செய்து பாடம் நடத்துகிறவர்களுக்கு வேண்டும். ஜிடி 1030-இலும் ஆர்எக்ஸ் 6400-இலும் மடிக்கும் பகுதியே கிடையாது. ஆன்லைன் வகுப்பைப் பதிவு செய்யும் ஆசிரியருக்கு இந்த இரண்டையும் நான் சொல்ல மாட்டேன்.

உள்ளமை கிராஃபிக்ஸும் இதில் சளைத்ததல்ல. இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து யுஹெச்டி, ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸுக்கு ஏவி1 தெரியும். ரைசன் 7000-இன் குட்டி கிராஃபிக்ஸுக்கும் தெரியும். ஐ5 12400 வைத்திருக்கும் ஒருவர் ஜிடி 1030 வாங்கி மாட்டினால், வீடியோ விஷயத்தில் அவர் பின்னோக்கிப் போகிறார்.

ஜிபி எண்ணும், ஒரே பெயரில் இரண்டு கார்டும்

அன்றாட வேலைக்கு 2 ஜிபி நினைவகம் போதும். இரண்டு மூன்று 4கே திரை என்றால் 4 ஜிபி வசதி. எண்ணைவிட நினைவகத்தின் வகை முக்கியம். ஜிடி 1030 முதலில் 2017-ல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது, அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 வைத்து இன்னொன்றை விட்டார்கள். வேகம் சுமார் 16.8 ஜிபி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். பெட்டியில் இரண்டிலும் 2 ஜிபி என்றுதான் இருக்கும். வாங்குகிறவர் சின்ன எழுத்தில் ஜிடிடிஆர்5 என்று இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். பழைய சில்லின் மேல் 4 ஜிபி டிடிஆர்3 ஒட்டி விற்கும் கார்டுகளும் உண்டு. அந்த 4 என்ற எண் நமக்கு ஒன்றும் தராது.

கேபினட்டுக்குள் இடமும் மின்சாரமும்

கார்டு மாட்டும் நீண்ட ஸ்லாட் தன் வழியாகவே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்டு என்றால் எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டியிலிருந்து தனி வயர் வேண்டாம். ஜிடி 1030 30 வாட், ஆர்எக்ஸ் 6400 53 வாட், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி 70 வாட். நமக்கு இந்த எல்லைக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். ஒரு கார்டின் தலையில் ஆறு முள் மின் இணைப்பு இருந்தால், அது நம் தேவையைத் தாண்டிய கார்டு என்று ஒதுக்கிவிடலாம்.

ஒல்லியான அலுவலகக் கேபினட் வைத்திருப்பவர்கள் லோ ப்ரொஃபைல், அதாவது உயரம் குறைந்த கார்டுதான் வாங்க வேண்டும். பெட்டிக்குள் குட்டைத் தகடும் கூடவே தருகிறார்களா என்று கேளுங்கள். அது இல்லாமல் போனால் கார்டை இறுக்கிப் பொருத்த முடியாது. விசிறி இல்லாத கார்டு அமைதிக்கு நல்லது, ஆனால் கேபினட்டில் காற்றோட்டம் இருக்க வேண்டும். ஸ்லாட்டின் தலைமுறை எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம், புதுக் கார்டு பழைய ஸ்லாட்டிலும் இயங்கும்; குறையும் வேகம் கேமில்தான் தெரியும்.

ஆர்க் கார்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. மதர்போர்டில் ரீசைசபிள் பார் என்ற வசதி இருக்க வேண்டும் என்று இன்டெலே சொல்கிறது. ஆகவே, பத்து ஆண்டுப் பழைய கணினிக்கு உயிர் கொடுக்க ஆர்க் சரியான தேர்வு இல்லை. ஓரளவு புதிய, எஃப் வகை ப்ராசஸர் உள்ள கணினிக்கு ஏ310 அருமையான பொருத்தம்.

புதுப் பெட்டியில் பழைய சில்லு

இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஜிடி 710, ஜிடி 730 போன்றவை சீல் பிரிக்காத புதுப் பெட்டியில் இன்னும் விற்கப்படுகின்றன. உள்ளே இருக்கும் கெப்ளர் என்ற சில்லு வடிவமைப்போ 2012-ஐச் சேர்ந்தது. அதற்கான வழக்கமான டிரைவர் வெளியீட்டை எண்விடியா 2021 அக்டோபரில் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பரோடு முடிந்தன. விவரம் தெரியாதவர் ‘புதுசு, மலிவு’ என்று நம்பி வாங்குகிறார். ஜிடி 1030-இன் பாஸ்கல் தலைமுறைக்கும் வழக்கமான வெளியீடு 2025 அக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தம் 2028 அக்டோபர் வரை வரும். பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஜிடி 1030 சரி. புதுப் பொருளின் விலை கொடுத்து வாங்க நான் சொல்ல மாட்டேன்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஏஎம்டியும் இன்டெலும் நிம்மதி. டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, கார்டை மாட்டினால் படம் வந்துவிடும்.

பழைய கார்டு வாங்கும்போது போலி இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள். பழைய சில்லில் மென்பொருளை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்கிறார்கள். விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தால், இப்படிப்பட்டவற்றில் பலவற்றைப் பெயருக்கு முன்னால் போலி என்று குறித்துக் காட்டிவிடும். பணம் கொடுக்கும் முன் இயங்கும் கணினியில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறி தடையின்றிச் சுற்றுகிறதா, உங்களுக்குத் தேவையான போர்ட்டில் படம் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள்.

மாட்டும்போது

கணினியை அணைத்து, மின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாட்டுக்கு எதிரே உள்ள தகட்டைக் கழற்றி, கார்டின் இரு முனைகளையும் பிடித்து நேராக அழுத்தினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் சிறு கொக்கி பூட்டிக்கொண்ட சத்தம் அது. அது கேட்காமல் திருகை முடுக்க வேண்டாம்.

பிறகு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து பிடுங்கி கார்டில் செருகுங்கள். கார்டை மாட்டிவிட்டு கேபிளைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, படம் வரவில்லை என்று தவிப்பவர்களும், படம் வந்தும் கார்டு வேலையே செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். டிரைவரைக் கார்டு செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள்.

கடைசியாக, விண்டோஸ் திரை அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்ற இடத்துக்குப் போய், புதுப்பிப்பு வேகம் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் எல்லாம் சரியாக மாட்டியிருந்தும் அது 30-லேயே நின்றிருக்கும். பட்டியலைத் திறந்து 60-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் 60 இல்லவே இல்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், அப்புறம் மானிட்டரின் சொந்த மெனுவுக்குள் ஹெச்டிஎம்ஐ 2.0 என்றோ டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றோ ஒரு தேர்வு அணைந்திருக்கிறதா என்று தேடுங்கள். நண்பரின் மானிட்டரில் கேபிளை மாற்றிய பிறகும் முதலில் 30-தான் வந்தது. அந்த மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்றிருந்ததை 1.2 ஆக்கிய பிறகுதான் 60 வந்தது.